மிலான் வடிவமைப்பு வாரம்: காண்பதும் காட்சிக்கு வைப்பதும்

மிலான் வடிவமைப்பு வாரம் என்பது இத்தாலியின் மிலான் நகரில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் நடைபெறும் வடிவமைப்பு விழா ஆகும். நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி போன்ற அறைகலன்களும், விளக்குகள், சமையலறை அமைப்புகள், துணிவகைகள் முதலியனவும் இங்கே புதிய வடிவங்களில் உலகின் பார்வைக்கு வருகின்றன. இத்துறையின் விழாக்களில் இதுவே மிகப் பெரியது என்று கருதப்படுகிறது. இதன் மையமான கண்காட்சிக்கு மட்டும் அண்மை ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துள்ளனர்.

பார்க்க வருபவருக்கு இவ்விழாவின் பெரும்பகுதி இலவசம். காட்சிக்கு வைப்பவருக்கோ இது பெருஞ்செலவு. அந்தச் செலவைத் தாங்க இயலாத இளையோர் எப்படி உள்ளே நுழைந்தார்கள் என்பதே இவ்விழாவின் வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி.

இரண்டு பகுதிகள்

மிலான் வாரம் ஒரே நிகழ்ச்சி அன்று. ஒரே காலத்தில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகளின் கூட்டுப் பெயர் அது.

முதலாவது, சலோனே டெல் மொபிலே. இத்தாலிய மொழியில் இதற்கு அறைகலன் கண்காட்சி என்று பொருள். இது நுழைவுச்சீட்டு உள்ள வணிகக் கண்காட்சி. நகரின் வடமேற்கே ரோ என்னும் இடத்தில் உள்ள பெரிய கண்காட்சித் திடலில் ஆறு நாள்கள் நடைபெறுகிறது. நிறுவனங்கள் இடத்தை வாடகைக்கு எடுத்து அரங்கு அமைக்கின்றன. கடைக்காரர்களும் கட்டடக் கலைஞர்களும் ஏற்றுமதியாளர்களும் பேரம் பேசுகின்றனர்.

இரண்டாவது, ஃபுவோரிசலோனே. ‘ஃபுவோரி’ என்றால் ‘வெளியே’. அதாவது கண்காட்சிக்கு வெளியே நடப்பது. இதற்குத் தனியொரு நுழைவாயிலோ ஒரே அமைப்பாளரோ இல்லை. கடைகள், பழைய தொழிற்சாலைகள், அரண்மனை முற்றங்கள், கல்லூரி வளாகங்கள் என நகரின் பல பகுதிகளில் நூற்றுக்கணக்கான காட்சிகள் நடைபெறும். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. சிலவற்றுக்கு மட்டும் முன்பதிவு தேவை.

தோற்றம்

மிலானுக்கு வடக்கே பிரியான்சா என்றொரு வட்டாரம் உண்டு. தச்சு வேலையும் மெத்தை வேலையும் அங்கே பரம்பரைத் தொழில். குடும்பப் பட்டறைகள் பலவும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிறுவனங்களாக வளர்ந்தன. ஆனால் அவை வடிவமைப்பாளரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளவில்லை. வெளியில் இருந்த கட்டடக் கலைஞரிடம் வரைபடத்தைப் பெற்று, பட்டறையின் கைத்திறனால் அதைப் பொருளாக்கி, விற்பனையில் ஒரு சிறு பங்கை அவருக்கு உரிமத்தொகையாகக் கொடுத்தன. ஜோ பொன்டி வடிவமைக்க, மேதா ஊரின் கசீனா நிறுவனம் 1957இல் வெளியிட்ட ‘சூப்பர்லெஜ்ஜேரா’ நாற்காலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் எடை 1.7 கிலோகிராம் மட்டுமே. ஒரு குழந்தைகூட அதைத் தூக்கிவிடும்.

இவ்வாறு உருவான பொருள்களை வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் நோக்கத்துடன் 1961 செப்டம்பரில் முதல் சலோனே நடத்தப்பட்டது. அதில் 328 நிறுவனங்கள் பங்கேற்றன. பார்வையாளர் ஏறத்தாழ 12,000 பேர். 1974 முதல் சமையலறைப் பொருள்களுக்கும், 1976 முதல் விளக்குகளுக்கும் தனிக் கண்காட்சிகள் சேர்ந்தன. இவ்விரண்டும் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு மாறி மாறி வருகின்றன. 1991 முதல் கண்காட்சி ஏப்ரலுக்கு மாற்றப்பட்டது. 2006இல் அது நகரத்தை விட்டு ரோ திடலுக்குச் சென்றது. அத்திடலின் கட்டடங்களை வடிவமைத்தவர் மாசிமிலியானோ ஃபுக்சாஸ்.

கொரோனா பரவலால் 2020இல் கண்காட்சி நடைபெறவில்லை. 2021 செப்டம்பரில் சிறிய அளவிலும், 2022 ஜூனில் முழு அளவிலும் நடந்து, 2023இல் மீண்டும் ஏப்ரலுக்குத் திரும்பியது.

வெளியே பிறந்த புதுமைகள்

இந்த விழாவின் வழியே உலகப் புகழ் பெற்ற போக்குகள் சில, கண்காட்சித் திடலுக்குள் பிறந்தவை அல்ல.

1981 செப்டம்பரில், சலோனே நடந்துகொண்டிருந்த அதே நாள்களில், எத்தோரே சொத்சாஸ் தலைமையிலான ‘மெம்ஃபிஸ்’ குழுவினர் நகரில் இருந்த ஒரு சிறு கலைக்கூடத்தில் தங்கள் பொருள்களை வைத்தனர். அவர்கள் பயன்படுத்தியது விலையுயர்ந்த மரம் அன்று. உணவகங்களிலும் காப்பிக் கடைகளிலும் மேசைமேல் ஒட்டும் பிளாஸ்டிக் தகடு. கண்ணைப் பறிக்கும் நிறங்களும் கோணல்மாணலான வடிவங்களும் கொண்ட அப்பொருள்களைக் காணப் பெருங்கூட்டம் கூடியது. சொத்சாஸின் ‘கார்ல்டன்’ புத்தக அலமாரி இன்று பல அருங்காட்சியகங்களில் உள்ளது.

1993இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ‘துரோக்’ குழு மிலானில் முதன்முதலாகக் காட்சி வைத்தது. பழைய பால் புட்டிகளால் ஆன விளக்கு, கந்தல் துணிகளை அடுக்கிக் கட்டிய நாற்காலி, வெவ்வேறு இடங்களில் கிடைத்த இழுப்பறைகளைப் பட்டையால் சேர்த்துக் கட்டிய பெட்டி ஆகியன அதில் இருந்தன. பணமின்றியும் ஒரு கருத்தை உலகின் முன் வைக்க முடியும் என்பதை அவை காட்டின.

வெளியே நடந்த இந்த முயற்சிகளின் வலிமையைக் கண்காட்சியும் உணர்ந்தது. 1998இல் மார்வா கிரிஃபின் என்பவரின் முயற்சியால் ‘சலோனே சாட்டலைட்’ தொடங்கப்பட்டது. 35 வயதுக்கு உட்பட்ட வடிவமைப்பாளர்களுக்கும் வடிவமைப்புக் கல்லூரிகளுக்கும் உரிய தனிப் பிரிவு இது. விண்ணப்பித்தவர்களில் தேர்வுக்குழு தேர்ந்தெடுப்பவர்கள் மட்டுமே இதில் இடம்பெறுவர். பெருநிறுவனங்கள் உள்ள அதே திடலில் இளையோர் தங்கள் முன்மாதிரிகளுடன் நிற்கலாம். உற்பத்தியாளர்கள் புதிய திறமைகளைத் தேடி இங்கே வருகின்றனர்.

சப்பானிய வடிவமைப்பாளர் ஓகி சாட்டோ 2002இல் பட்டம் பெற்றவுடன் மிலானுக்குப் பார்வையாளராக வந்தார். அங்கே கண்டவற்றால் தூண்டப்பட்டு, அதே ஆண்டில் ‘நெண்டோ’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சாட்டலைட்டில் காட்சி வைத்தார். முதலில் பார், பிறகு வை என்னும் வரிசைக்கு இது நல்ல சான்று.

பார்வையாளராகச் செல்லுதல்

சலோனே முதன்மையாகத் தொழில்துறையினருக்கானது. பொதுமக்களுக்கு வார இறுதி நாள்களில் அனுமதி உண்டு. மாணவர்களுக்கான நாள்களையும் கட்டணத்தையும் அவ்வாண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். மெட்ரோவின் சிவப்பு வழித்தடத்தில் ரோ ஃபியேரா நிலையம் வரை சென்றால் திடலின் வாசலிலேயே இறங்கலாம். பல கூடங்கள் கொண்ட திடலை ஒரே நாளில் முழுமையாகக் காண இயலாது. எந்தக் கூடத்தைப் பார்ப்பது என்று முதல் நாள் இரவே முடிவு செய்துகொள்வது நல்லது. நேரம் குறைவு என்றால் மாணவர்கள் முதலில் செல்ல வேண்டிய இடம் சாட்டலைட். பெரிய அரங்குகளில் முடிந்த பொருளைத்தான் காணலாம். சாட்டலைட்டில் பொருளைச் செய்தவரே பக்கத்தில் நிற்பார். எப்படிச் செய்தீர்கள் என்று அவரிடமே கேட்கலாம்.

நகரக் காட்சிகளை வட்டாரம் வட்டாரமாகப் பார்க்க வேண்டும். பிரேரா பகுதியில் விற்பனைக்கூடங்கள் நெருக்கமாக உள்ளன. டொர்டோனா பழைய தொழிற்சாலைப் பகுதி. 15ஆம் நூற்றாண்டில் மருத்துவமனையாகக் கட்டப்பட்டு, இன்று மிலான் பல்கலைக்கழகமாக விளங்கும் கட்டடத்தின் முற்றங்களில் ‘இன்டெர்னி’ இதழ் பெரிய அமைப்புகளை நிறுவுகிறது. ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம் என வைத்துக்கொண்டால் கால்வலியும் குறையும், பார்த்தது மனத்திலும் நிற்கும்.

இந்த வாரத்தில் விடுதிக் கட்டணம் பல மடங்கு உயரும். எனவே பலர் அருகிலுள்ள ஊர்களில் தங்கி இரயிலில் வந்து போகின்றனர். இந்தியா, இலங்கை நாட்டவர்க்கு ஷெங்கன் விசா தேவை. ஏப்ரலில் செல்ல இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. திரியென்னாலே அருங்காட்சியகம், 2021இல் திறக்கப்பட்ட ஆடி வடிவமைப்பு அருங்காட்சியகம், அகில்லே காஸ்திலியோனியின் பணிக்கூடம் ஆகியவற்றை மற்ற மாதங்களிலும் காணலாம்.

காட்சிக்கு வைத்தல்

காட்சி வைக்க விரும்புபவர் முதலில் தம் நோக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடைகளுக்கு விற்க வேண்டுமா? தம் வடிவத்தை ஏற்று உற்பத்தி செய்யும் நிறுவனம் வேண்டுமா? இதழ்களில் பெயர் வர வேண்டுமா? விற்பவருக்குத் திடலின் கூடங்கள், உற்பத்தியாளரைத் தேடும் இளையோருக்குச் சாட்டலைட், கவனத்தை நாடுவோருக்கு நகரத்தின் கூட்டுக் காட்சிகள் என வழிகள் வேறுபடும்.

செலவைக் கணக்கிடும்போது இட வாடகையோடு நின்றுவிடக் கூடாது. அரங்கு அமைத்தல், மின்சாரம், காப்பீடு, போக்குவரத்து, தங்குமிடம், அரங்கைப் பிரித்து அகற்றுதல் ஆகிய அனைத்தையும் சேர்க்க வேண்டும். அரங்கில் பயன்படுத்தும் மரம், துணி போன்றவை தீத்தடுப்பு விதிகளுக்கு உட்பட்டவை. அதற்கான சான்றிதழ்களைக் கேட்பார்கள்.

பொருள்களை அனுப்புவதற்கு ‘ஏடிஏ கார்னே’ என்னும் சுங்க ஆவணம் உதவும். காட்சி முடிந்ததும் திரும்பி வரும் பொருள்களைச் சுங்கவரி இல்லாமல் தற்காலிகமாகக் கொண்டுசெல்ல இது வழி செய்கிறது. அதிகபட்சம் ஓராண்டுக்குச் செல்லும். இந்தியாவில் இதை ஃபிக்கி அமைப்பு வழங்குகிறது. பட்டியலில் உள்ள பொருளை அங்கேயே விற்றுவிட்டால் உரிய வரியைச் செலுத்த வேண்டும். மரப்பெட்டியில் அடைத்து அனுப்புவதானால், பூச்சிகள் பரவாதிருக்க, அம்மரத்தின் உட்பகுதி வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான முத்திரை பெட்டியின்மேல் இருக்க வேண்டும். பெட்டி சிறிதாயினும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது.

வடிவத்தைக் காத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ஒரு வடிவத்தைக் காட்சிக்கு வைப்பது, சட்டத்தின் பார்வையில் அதை உலகுக்கு வெளியிடுவது ஆகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் சற்றுத் தாராளமானது. அங்கே முதன்முதலாக வெளியிடப்பட்ட வடிவத்துக்குப் பதிவு இல்லாமலேயே மூன்று ஆண்டு பாதுகாப்பு உண்டு. வெளியிட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பதிவும் செய்துகொள்ளலாம். பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வந்தால் 25 ஆண்டு வரை உரிமை நீடிக்கும்.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் அப்படி இல்லை. விண்ணப்பிக்கும் முன்பே எந்த நாட்டிலாவது வெளியாகிவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய இயலாது. நடுவண் அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அதற்கும் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, காட்சிக்கு வைத்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே மிலானில் பாராட்டுப் பெற்றுத் திரும்பும் ஒருவர், சொந்த நாட்டில் தம் வடிவத்துக்கு உரிமை கோர முடியாத நிலை ஏற்படலாம்.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. புறப்படும் முன் இந்தியாவில் விண்ணப்பித்துவிட வேண்டும். பாரிஸ் உடன்படிக்கையின்படி, அந்த நாளையே முன்னுரிமை நாளாகக் காட்டி, ஆறு மாதத்துக்குள் ஐரோப்பாவிலும் விண்ணப்பிக்கலாம். சமூக வலைத்தளத்தில் படம் போடுவதும் வெளியிடுதலே என்பதை நினைவில் கொள்க. முதலில் விண்ணப்பம், பிறகு படம்.

குறைகளும் விமரிசனங்களும்

இளம் கலைஞர்கள் புறக்கணிக்கப்பட்ட பகுதிகளைத் தேடிச் செல்கின்றனர். அவர்களால் அப்பகுதிக்குப் பெயர் கிடைக்கிறது. பெயர் கிடைத்ததும் வாடகை ஏறுகிறது. ஏறிய வாடகையை அவர்களால் கொடுக்க முடிவதில்லை. கிழக்கு மிலானின் லம்பிராட்டே பகுதியில் 2010இல் தொடங்கிய ‘வென்டுரா லம்பிராட்டே’ காட்சிகள் 2017க்குப் பின் அங்கு நடைபெறவில்லை. 2018இல் கைவிடப்பட்ட ஒரு பானெட்டோனே கேக் தொழிற்சாலையில் தொடங்கிய ‘அல்கோவா’, பின்னர் பழைய இராணுவ மருத்துவமனை, பழைய இறைச்சிக்கூடம் என இடம் மாறி, 2024இல் நகருக்கு வெளியே வரேதோ ஊரின் மாளிகைகளுக்குச் சென்றது.

ஆறு நாளுக்காகக் கட்டப்பட்டு ஏழாம் நாள் உடைக்கப்படும் அரங்குகளின் கழிவு மற்றொரு குறை. தளபாடத்தோடு தொடர்பில்லாத பெருநிறுவனங்கள் விளம்பரத்துக்காக நகரின் நல்ல இடங்களைப் பிடித்துக்கொள்கின்றன என்ற குற்றச்சாட்டும் உண்டு.

மாணவர்களுக்கு

பள்ளி அறிவியல் கண்காட்சியில் மாதிரியின் அருகே நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். பார்க்க வந்தவர் ஒரு நிமிடம்தான் நிற்பார். இது என்ன, ஏன் செய்தாய், எப்படிச் செய்தாய் என்னும் மூன்று கேள்விகளுக்கு அந்த ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிட வேண்டும். மிலானிலும் நடப்பது இதுவே. விடை தெளிவாக இருந்தபோது, பால் புட்டியும் கந்தல் துணியுமே போதுமானவையாக இருந்தன. விடை தயாராகும் வரை பார்வையாளராகச் செல்வதே செலவு குறைந்த கல்வி. விடை தயாரானபின், வடிவத்துக்கு உரிய விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டலாம்.