படக்கதையிலும் பாடம் உண்டு

“கதைப் புத்தகத்தைக் கீழே போடு, பாடப் புத்தகத்தை எடு!” – வேலை முடிந்து, மின்சார ரயிலில் நசுங்கி வீடு திரும்பும் தந்தை வாசலில் கால் வைத்ததும் சொல்லும் முதல் வார்த்தை பல வீடுகளில் இதுதான். படக்கதை என்றால் படிப்புக்குப் பகை என்ற எண்ணம் இன்னும் நீங்கவில்லை. ஆனால் விஞ்ஞானப் பாடத்தைப் பொறுத்தவரை, நல்ல படக்கதை பகையல்ல, துணை.

பம்பாயில் பிறந்த வழி

இதை உணர்ந்து செயல்பட்டவர் அனந்த் பை. கர்நாடகத்தில் கார்கலாவில் 1929ல் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பிழைக்க வந்த பலரையும் போல, 12 வயதில் பம்பாய் வந்து சேர்ந்தார். படித்தது ரசாயனத் தொழில்நுட்பம். 1967ல் ‘அமர் சித்ர கதா’ வரிசையையும், 1980ல் ‘டிங்கிள்’ சிறுவர் இதழையும் தொடங்கினார். புராணக் கதைகளோடு ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கையும் படக்கதையாயிற்று. ‘டிங்கிள்’ இதழில் வந்த ‘அனு கிளப்’ பகுதியில், அனு மாமா சிறுவர்களுக்கு விஞ்ஞானத்தை விளையாட்டுப் போல விளக்கினார். அதே இதழில் 1983ல் தோன்றிய சுப்பாண்டி, திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய நாட்டுப்புறக் கதையிலிருந்து பிறந்தவன்.

குக்கர் சொல்லும் பாடம்

படத்தால் அப்படி என்ன லாபம்? பிரஷர் குக்கரையே எடுத்துக்கொள்வோம். “அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை உயரும்” என்று பாடப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். பையன் நெட்டுருப் போடுவான், மறுநாள் மறப்பான். அதையே நான்கு கட்டங்களில் வரையலாம். முதல் கட்டத்தில் குக்கர் அடுப்பில் ஏறுகிறது. இரண்டாவதில் நீராவி வெளியேற வழியின்றி முட்டி மோதுகிறது. மூன்றாவதில் அழுத்தம் கூடி, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 120 டிகிரி வரை சூடேறுகிறது. நான்காவதில் வெயிட் தூக்கிக்கொண்டு விசில் அடிக்கிறது. அரிசி விரைவில் வெந்துவிடுகிறது. எதனால் எது நடந்தது என்ற வரிசை கண்ணெதிரே நிற்கிறது. விஞ்ஞானம் என்பதே அந்த வரிசைதானே!

மாயாவியும் மின்சாரமும்

எல்லாப் படக்கதையும் விஞ்ஞானம் ஆகிவிடாது. 1972ல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’யைப் படிக்காத தமிழ்ச் சிறுவர்கள் அந்நாளில் குறைவு. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். கதைக்கு அது சரி. ஆனால் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் யாரையும் மாயாவி ஆக்காது, ஆளையே கொன்றுவிடும். ஈரக் கையென்றால் ஆபத்து இன்னும் அதிகம். ஒட்டுப்போட்ட வயர்கள் தொங்கும் ஒற்றை அறை வீடுகளில் இதைக் குழந்தைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அதற்காகப் புத்தகத்தைப் பிடுங்க வேண்டியதில்லை. “மறைந்துபோன மாயாவிக்குக் கண் தெரியுமா?” என்று கேட்டுப் பார்க்கலாம். விழித்திரையில் ஒளி தங்கினால்தான் பார்வை. உடல் முழுதும் கண்ணாடி போலானால் ஒளி ஊடுருவிப் போய்விடும். மாயாவி குருடனாகத்தான் இருக்க வேண்டும்! தவறான கதையிலிருந்தும் இப்படிச் சரியான பாடம் கிடைக்கும்.

மொழிச் சுவர்

வெளிமாநிலத் தமிழருக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. தந்தை ‘அழுத்தம்’, ‘ஆவியாதல்’ என்று தமிழில் படித்தவர். மகள் படிப்பதோ இந்தியிலோ, மராத்தியிலோ, ஆங்கிலத்திலோ. புத்தகத்தைப் பிரித்தால் தந்தைக்குப் புரிவதில்லை; தமிழில் சொன்னால் மகளுக்குப் புரிவதில்லை. “உனக்கு ஒன்றும் தெரியாதப்பா” என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது. பட்டறையில் நாள் முழுதும் இயந்திரத்தோடு பழகுகிறவர், சொந்த மகளின் முன் தெரியாதவர் ஆகிறார். படத்துக்கு இந்தச் சுவர் இல்லை. குக்கர் எந்த மொழியிலும் குக்கர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பென்சிலும், ஒரு பக்கம் அச்சான பழைய தாளும் போதும். நான்கு கட்டம் போட்டுக் கொடுத்து, சைக்கிள் பம்ப் ஏன் சுடுகிறது, துணி எப்படி உலர்கிறது என்று மகளையே வரையச் சொல்லலாம். மூன்றாவது கட்டத்தில் அவள் தயங்கினால், புரியாத இடம் அதுதான் என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் தந்தை தமிழில் சொல்லட்டும். மகள் தன் பள்ளி மொழியில் எழுதட்டும். பாடமும் புரியும், அப்பாவுக்கும் தெரியும் என்பதும் புரியும்.