மகாதமனி கிழியும்போது எம்.ஆர்.ஐ. யாருக்கு உதவும்?

2005 டிசம்பர் 31. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 97 வயது மைக்கேல் டிபேக்கிக்குத் திடீரென்று மார்பின் மேற்பகுதியில் கடும் வலி. தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் வலித்தது; பிறகு கழுத்துக்கும் பரவியது. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் கிழிசலுக்கு அறுவை சிகிச்சை வகுத்த முன்னோடி அவர். தனக்கும் அதுவே வந்திருக்கிறது என்று ஊகித்தும், மருத்துவமனையில் சேர முதலில் மறுத்தார். 2006 பிப்ரவரியில் அவருக்கு நடந்த அறுவை சிகிச்சைதான் அவரைக் காப்பாற்றியது. 2008 வரை வாழ்ந்தார்.

மகாதமனியின் சுவருக்கு மூன்று அடுக்குகள். உள்ளடுக்கில் விரிசல் விழுந்தால், ரத்தம் அதன் வழியே புகுந்து, ஈரம் பட்ட பிளைவுட் பிரிவதுபோல அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். இதயத்தை ஒட்டிய பகுதி கிழிந்தால், சிகிச்சை கிடைக்காதவர்களில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் பேர் இறப்பார்கள் என்பது மருத்துவ நூல்களின் நெடுநாள் கணக்கு.

இப்படிப்பட்டவரை முதலில் அனுப்புவது சி.டி. ஸ்கேனுக்குத்தான். சில நொடிகளில் படம் கிடைத்துவிடும். வயிற்றுப் பகுதி மகாதமனி வீங்கி வெடித்தாலும், நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தாலும் இதுவே வழி. எம்.ஆர்.ஐ.க்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். அதன் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது. இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரையே இழுத்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவரை அந்தக் குழாய்க்குள் அனுப்புவது ஆபத்து.

ஆனால் நிலைமை கட்டுக்குள் இருக்கும் சிலருக்கு எம்.ஆர்.ஐ.தான் துணை. கர்ப்பிணிக்கு இதில் எக்ஸ் கதிர் பயமில்லை. சி.டி.யில் செலுத்தும் அயோடின் மருந்து ஒவ்வாதவருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும் மருந்தே செலுத்தாமல் படம் எடுக்கலாம். சிறுநீரகம் மோசமாகப் பழுதானவருக்கு, எம்.ஆர்.ஐ.யில் பயன்படும் கடோலினியம் மருந்தையும் யோசித்தே தருவார்கள். 1993இல் வெளியான ஓர் ஆய்வில், மகாதமனிக் கிழிசல் உள்ளவர்களில் சுமார் 98 சதவீதம் பேரை எம்.ஆர்.ஐ. சரியாகக் கண்டுபிடித்தது. நுரையீரல் ரத்தக்கட்டியில் அந்தத் துல்லியம் இல்லை. 2010இல் வெளியான ஆய்வில், கால்வாசிப் பேருக்குப் படமே தெளிவாக அமையவில்லை.

ஓடும் ரத்தமே எப்படிப் படமாகிறது? ஒரு முறையில், எம்.ஆர்.ஐ. தூண்டிய ரத்தம், சமிக்ஞையைப் பதிவதற்குள் படமெடுக்கும் இடத்தைக் கடந்துவிடும். ஆகவே அந்த இடம் கறுப்பாகத் தெரியும். கிழிசலால் உண்டான பொய்ப்பாதையில் ரத்தம் தேங்குவதால் சாம்பல் நிறம் தட்டும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடாகத் தெரிவதுதான் பிரிந்த உள்ளடுக்கு. சுவருக்குள் ரத்தம் கட்டியிருந்தால், சில நாட்களில் அதன் ஹீமோகுளோபின் மெத்தீமோகுளோபினாக மாறி வெண்மையாக ஒளிரும். கட்டி புதியதா, பழையதா என்பதை இதை வைத்துக் கணிக்கிறார்கள்.

மார்பிலோ முதுகிலோ வயிற்றிலோ கிழிப்பது போன்ற வலி திடீரென்று வந்தால், வாயுத் தொல்லை என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். பேஸ்மேக்கர், உடலுக்குள் வைத்த உலோகம், சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் எது இருந்தாலும் ஸ்கேன் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.