தொழிற்பேட்டை வாசலில் பொதுக்கொள்கை

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றிய தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு, நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வேலை வரம்பிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருவதற்காக 65ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்க முனைந்தது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாளில் அந்நிய முதலீடு, எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் வர்க்கம் சிந்திய இரத்தம், கர்நாடகத்தோடு போட்டி என எல்லாம் பேசப்பட்டன. சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இப்போதே எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், மிகைநேர வேலைக்குச் சட்டம் சொல்லும் இரட்டிப்புக் கூலி அவர்களில் எத்தனை பேர் கைக்கு வந்து சேர்கிறது என்ற கேள்வி மட்டும் விவாதத்தின் நடுவுக்கு வரவேயில்லை.

அத்தகைய கேள்விகளைக் கேட்பதற்கென ஒரு துறை உண்டு. அரசு எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது, அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதை முறைப்படி ஆராய்வதே பொதுக்கொள்கைப் படிப்பு. பொருளாதாரம், சட்டம், புள்ளியியல், அரசியல், சமூகவியல் ஆகிய துறைகளிலிருந்து தனக்கு வேண்டியதை அது எடுத்துக்கொள்கிறது. அதைக் கற்பிக்கும் நிறுவனத்தைப் பொதுக்கொள்கைப் பள்ளி என்கிறார்கள். அந்தப் பெயரைச் சூடாமலே அதே பணியைச் செய்யும் ஆய்வு நிறுவனங்களும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் நின்று பார்த்தால் இரண்டு திசையிலும் அத்தகைய நிறுவனங்கள் தென்படும். வடக்கே ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தவுடன் வரும் ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1970-இல் சென்னையில் தொடங்கிய ஐ.எஃப்.எம்.ஆர். என்ற நிதி, மேலாண்மை ஆய்வு நிறுவனத்திலிருந்து 2018-இல் அது கிளைத்தது. தெற்கே சென்னை அடையாறு காந்தி நகரில், யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தம் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் அதை மிட்ஸ் என்பார்கள். 1977 முதல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் தமிழக அரசும் அதற்கு நிதி வழங்கி வருகின்றன.

ஒரு கல்வி நிறுவனம் நடப்பு அரசியல் விவாதத்துக்குள் எப்படி நுழைய வேண்டும் என்ற கேள்விக்கு மிட்ஸின் வரலாற்றில் கிடைக்கும் மிகச் சிறந்த விடை காவிரிதான். தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்த எஸ். குகன், ஆட்சிப் பணியிலிருந்து விலகி அங்கே ஆய்வாளராக அமர்ந்தபின், 1993-இல் தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் இடையிலான காவிரி நீர்ச் சிக்கலைப் பற்றி இணக்கத்தைத் தேடும் நோக்கோடு ஒரு நூல் எழுதினார். நடுவர் மன்றம் அமைந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த, 1991 டிசம்பரின் பெங்களூருக் கலவரம் மனத்தை விட்டு அகலாத காலம் அது. இரு மாநில உரிமைக்குரலின் அடியில் இருக்கும் நீர்க்கணக்கை, எந்த அணையில் எந்த மாதத்தில் எவ்வளவு வருகிறது, யார் எவ்வளவு பாசனப் பரப்பை எப்போது விரிவாக்கினார்கள் என்று அவர் பிரித்து அடுக்கினார். பத்தாண்டு கழித்து, பருவமழை பொய்த்த 2002-ஐ அடுத்து, அதே நிறுவனத்தின் நீர்வள ஆய்வாளர் எஸ். ஜனகராஜன் அதைவிடத் துணிச்சலான ஒரு காரியத்தைச் செய்தார். 2003 ஏப்ரலில் இரு மாநில உழவர் பிரதிநிதிகளையும் சென்னைக்கு வரவழைத்து ஒரே மேசையில் உட்காரவைத்தார். காவிரிக் குடும்பம் என்று பெயர் பெற்ற அந்தக் குழுவில் தஞ்சை டெல்டாவின் உழவர்கள் மாண்டியாவின் காய்ந்த வயல்களைப் பார்த்தார்கள், மாண்டியாக்காரர்கள் டெல்டாவின் வெடித்த நிலத்தைப் பார்த்தார்கள்.

அந்தக் குடும்பத்தால் நீர்ப்பங்கீட்டுச் சூத்திரம் எதையும் எழுதி முடிக்க இயலவில்லை. 2007-இல் நடுவர் மன்றமும், கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என்று குறைத்து 2018-இல் உச்ச நீதிமன்றமும்தான் அதைத் தீர்மானித்தன. இதைக் கொண்டு அம்முயற்சி தோற்றது என்று சொல்வது அவசர முடிவு. ‘அடுத்த மாநிலம் நம் நீரைத் திருடுகிறது’ என்ற பேச்சைத் தவிர வேறெதையும் கேட்டறியாத இரண்டு உழவர் சமூகங்கள், பற்றாக்குறை ஆண்டில் இழப்பை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தன என்பதே பெரிய நகர்வு. அரசுகளால் அதைச் செய்திருக்க முடியாது, ஏனெனில் ஓர் அமைச்சர் எதிர்த்தரப்பின் வயலில் போய் நின்றால் அது விட்டுக்கொடுத்தலாகப் படும். கட்சிகளுக்கும் அது இயலாது. எந்தத் தொகுதியிலும் வாக்குக் கேட்க வேண்டிய தேவையில்லாத ஒரு நிறுவனத்துக்கே அந்த இடம் கிடைத்தது.

காவிரிக்குக் கிடைத்த இந்தக் கவனத்தில் ஒரு பங்குகூடக் கும்மிடிப்பூண்டி அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் நீருக்குக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் படியவைத்த மணலடுக்குகளில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டி முதலிய இடங்களில் குழாய்க்கிணறு இறக்கிச் சென்னைக்கும் அதன் வடக்கிலுள்ள ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகளாக நீர் எடுத்ததில், மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. வறட்சி ஆண்டுகளில் உழவர்களே பயிரைக் கைவிட்டுக் கிணற்று நீரை லாரிக்கு விற்கும் நிலை வந்தபோது ஜனகராஜனும் உடனாய்வாளர்களும் சென்னைப் புறநகர்க் கிராமங்களின் நீர்ச்சந்தையை ஆராய்ந்தனர். நீரை விற்பவர் யார், அதனால் கிணறு வற்றிப்போகும் பக்கத்து நிலத்துக்காரர் யார், நிலமே இல்லாத கூலியாள் இழப்பது என்ன என்று அவ்வாய்வுகள் கேட்டன. ஆயினும் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்கு எதிராக நிற்கும்போது எழும் அரசியல் வெப்பம், ஒரு நகரம் தன் பக்கத்துக் கிராமத்திடமிருந்து எடுக்கும்போது எழுவதில்லை. வெப்பம் இல்லாத இடத்தில் விவாதத்தை எழுப்புவதும் பொதுக்கொள்கைப் பள்ளியின் கடமைதான்.

மிட்ஸின் வழி களத்தில் நெடுங்காலம் தங்கி வரலாற்றையும் சாதி, வர்க்க உறவுகளையும் சேர்த்துப் படிப்பது. ஐ.எஃப்.எம்.ஆர். நிழலில் 2007 முதல் இயங்கும் ஜே-பால் தெற்காசிய ஆய்வு மையத்தின் வழி வேறு. ஒரு திட்டத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்த சில இடங்களில் செயல்படுத்தி, மற்ற இடங்களில் செயல்படுத்தாமல் விட்டு, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அளப்பதை அது தன் முறையாகக் கொண்டிருக்கிறது. மருந்துச் சோதனையிலிருந்து வந்த இம்முறைக்காகவே அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவர் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். கும்மிடிப்பூண்டிக்கு நேராகப் பொருந்தும் ஓர் ஆய்வு இம்முறையில் குஜராத்தில் நடந்தது. அகமதாபாத், சூரத் பகுதிகளின் 473 ஆலைகளில் மாசு அளவைச் சோதிக்கும் தணிக்கையாளருக்கு, அவர் சோதிக்கும் ஆலையே கூலி கொடுத்துவந்தது. அதனால் அறிக்கைகளில் மாசு பெரும்பாலும் வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றது. பாதி ஆலைகளில் தணிக்கையாளரைக் குலுக்கலில் ஒதுக்கி, கூலியைப் பொது நிதியிலிருந்து கொடுத்து, சில அளவுகளை மறுசோதனையும் செய்தபோது அறிக்கைகள் உண்மையைச் சொல்லத் தொடங்கின. உண்மை வெளிப்படும் என்று தெரிந்ததும் ஆலைகள் மாசைக் குறைத்தன. 2013-இல் வெளியான அம்முடிவைக் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2015-இல் தன் விதியாக ஏற்றது.

இந்தக் குஜராத் பாடத்தைச் சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதானி குழுமத்தின் வசம் உள்ள அத்துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக, கடலைத் தூர்க்கும் பரப்பும் உட்பட, பெரிதாக்கும் ₹53,000 கோடித் திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறிக்கப்பட்டு இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. அருகிலுள்ள பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான மணல்திட்டு அரிக்கப்பட்டால் தங்கள் பிழைப்பே போய்விடும் என்கிறார்கள் மீனவர்கள். வேலைவாய்ப்பும் ஏற்றுமதியும் பெருகும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஆவணம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, அதாவது ஒரு திட்டம் நிலம், நீர், காற்று, உயிர்கள், பிழைப்பு ஆகியவற்றை என்ன செய்யும் என்று முன்கூட்டிக் கணிக்கும் அறிக்கை. இந்தியா முழுவதும் உள்ள விதிப்படி அதைத் தயாரிக்கும் ஆலோசகரைத் திட்டத்தின் உரிமையாளரே தேர்ந்தெடுத்துக் கூலியும் கொடுக்கிறார். குஜராத் ஆய்வு அம்பலப்படுத்திய அதே கோணல் இங்கேயும் இருக்கிறது என்பதைத் துறைமுகத்தின் ஆதரவாளர், எதிர்ப்பாளர் இருவரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பொதுக்கொள்கை ஆய்வாளர்கள். துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதை மக்கள் முடிவு செய்யட்டும், மதிப்பிடுபவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதை முதலில் நேராக்க வேண்டும்.

கூலி யார் கொடுக்கிறார்கள் என்ற அந்தக் கேள்வி பொதுக்கொள்கை நிறுவனங்களையும் விடாது. தில்லியிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் 2023 பிப்ரவரியில் இடைநிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. 2019 மக்களவைத் தேர்தல் முடிவுகளைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்ட அசோகா பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆசிரியர் சப்யசாச்சி தாஸ், அதனால் எழுந்த கூச்சலுக்குப் பின் 2023 ஆகஸ்டில் பதவி விலகினார். தனியார் கொடையால் நடக்கும் நிறுவனத்துக்கு ஒரு பயம், அரசு நிதியால் நடக்கும் நிறுவனத்துக்கு வேறொரு பயம்.

தமிழகத்தில் பயத்தைவிட அரசோடுள்ள நெருக்கமே கூடுதலாகக் கவனிக்கத் தக்கது. மிட்ஸின் பேராசிரியர் எம். விஜயபாஸ்கர் 2021-இல் மாநிலத் திட்டக் குழுவில் உறுப்பினரானார், ஏ. கலையரசனோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் அதே ஆண்டு ‘திராவிட மாடல்’ என்ற பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது, அத்தொடரே அன்றைய ஆளுங்கட்சியின் முழக்கமாகவும் ஆனது. 2022-இல் இலவசங்கள் பற்றிய சர்ச்சை உச்ச நீதிமன்றம்வரை போன சமயத்தில், மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் பயனாளி ஒருவருக்கு மாதம் சராசரியாக ₹888 மிச்சமாகிறது என்று திட்டக் குழுவின் ஆய்வு காட்டியது. இலவசம் சோம்பேறியாக்கும் என்ற வெறும் பேச்சுக்கு எதிராக அந்த எண் வலுவான விடை, ஏனெனில் அந்தப் பணம் எந்த வீட்டில் எதற்குச் செலவாகிறது என்ற உரையாடலை அது தொடங்கிவைத்தது. எனினும் அரசின் திட்டத்தை அரசின் குழுவே அளக்கும்போது, அந்த அளவை வெளியிலிருந்து சரிபார்க்க வேறொரு கை இருந்தாக வேண்டும்.

இதே விஜயபாஸ்கர் 2010-இல் எழுதிய ஒரு கட்டுரை கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானது. மேற்கு வங்கத்தின் நந்திகிராமத்தில் நிலத்துக்காக இரத்தம் சிந்தப்பட்ட காலத்தில் தமிழகத்தின் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு எதிராக ஏன் அத்தகைய கிளர்ச்சி எழவில்லை என்று அது ஆராய்ந்தது. வேளாண்மை நொடித்து, அதிலிருந்து வெளியேறவே உழவரும் கூலியாளரும் விரும்பத் தொடங்கியிருந்த சூழலை அது விளக்கியது. அந்த மௌனம் எங்கும் நிலவவில்லை என்பதற்குக் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய்க்கண்டிகை சாட்சி. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்காக எடுக்கப்பட்டு, 2009-இல் மிஷலின் டயர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் அந்த நிலத்தையே நம்பியிருந்த பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் அந்த ஊர் எதிர்த்து நின்றது. பட்டா இல்லாத நிலத்துக்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் வழி குறுகலாக இருந்தது. ஊர்ச் சங்கமும் தோழமை அமைப்புகளும் 2012-இல் பிரான்சிலுள்ள பன்னாட்டு நிறுவன நடத்தைக் குறைதீர் அமைப்பிடம் முறையிட்டன. சென்னையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் ஒரு கிராமத்தின் கேள்வி, விசாரணைக்குப் பாரிஸ்வரை போக நேர்ந்தது வேதனைக்குரியது.

வடமாநிலத் தொழிலாளர் பற்றிய விவாதத்தில், பக்கத்திலேயே கேட்டு ஆராய்வார் இல்லாத இந்த வெற்றிடம் ஆபத்தாகவே மாறியது. 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிவைத்தபோது, இவர்கள் எத்தனை பேர், எந்த ஆலையில், எந்த ஒப்பந்தக்காரரின் கீழ் இருக்கிறார்கள் என்பதற்கு உறுதியான பதிவேடு இல்லை. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் வழியாகத் திரட்டி அழைத்துவரப்பட்டவர்களை மட்டுமே பதிவு செய்தது. உறவினர், ஊர்க்காரர் வழியாகத் தாமே ரயிலேறி வந்தவர்கள் அதில் சேரவில்லை. கும்மிடிப்பூண்டியில் உருக்கு வார்க்கும் ஒடியா இளைஞருக்கு வாக்கு அவர் ஊரில், நுரையீரலுக்குள் போகும் தூசு இங்கே. அவர் சார்பில் பேசினால் வாக்குக் கிடைக்கும் கட்சி இங்கே ஒன்றுமில்லை. ‘வேலையைப் பறிக்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டையும் ‘உள்ளூர்க்காரர் இந்த வேலைக்கு வருவதில்லை’ என்ற முதலாளிகளின் மறுமொழியையும் சோதித்துப் பார்க்க, உள்ளூர் இளைஞர் எந்தக் கூலியில் எந்த ஷிப்டில் அந்த உலையடிக்கு வருவார் என்று கேட்கும் ஆய்வு ஒன்று வேண்டும், அதே வேலைக்கு இருவருக்கும் தரப்படும் கூலியைச் சம்பளப் பதிவேட்டோடு மட்டுமல்லாமல் தொழிலாளர் குடியிருப்பில் கேட்டும் ஒப்பிட வேண்டும், முடிவை ஒடியாவிலும் இந்தியிலும் தமிழிலும் வெளியிட வேண்டும். ஸ்ரீசிட்டியிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் இந்தத் தொழிற்பேட்டை ஒரு காலைப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது.