நம் ஊரை நாமே படம் பிடிப்போம்

பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளையோ பெண்ணோ உள்ள வீடுகளில் இக்காலத்தில் ஒரு வழக்கு நாள் தவறாமல் நடக்கிறது. "எந்நேரமும் அந்தச் செல்போனும் கையுமாக என்ன செய்கிறாய்?" என்று தாயார் கேட்கிறாள். "படம் எடுக்கிறேன்" என்று பதில் வருகிறது. "படிக்கிற வயதில் படம் எதற்கு?" என்று தகப்பனார் தீர்ப்புக் கூறிவிடுகிறார். இந்தத் தீர்ப்பின்மேல் பிள்ளையின் கட்சியில் நின்று அப்பீல் செய்ய விரும்புகிறோம். ஆனால் பிள்ளைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: விளையாட்டாகப் பொத்தானை அமுக்குவது போதாது; கலையைக் கலையாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எல்லா ஊருக்கும் பொருந்தும் இந்த வாதம் ஒரகடத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் ஒரகடம். ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த தலம் ஒரு பக்கம். வல்லக்கோட்டை முருகன் சந்நிதி இன்னொரு பக்கம். ஏரிகள் மலிந்த பழைய செங்கற்பட்டுச் சீமையின் பகுதி இது. ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைத்த கிராமங்களுக்கு நடுவே இப்போது மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்து நிற்கின்றன. 2010-இல் ரெனோ-நிஸ்ஸான் கார் ஆலை வந்தது. 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் இங்கே வேலை தொடங்கின. ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் ஓர் ஊரின் முகமே மாறிவிட்டது.

இவ்வட்டாரத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி செல்போன் ஆலையைத் திறந்தது. 2014-இல் அது மூடப்பட்டது. பின்னர் பாக்ஸ்கான் கம்பெனி 2019-ஆம் ஆண்டு முதல் இதே ஊரில் ஐபோன்களைப் பூட்டித் தயார் செய்து வருகிறது. இன்றைய செல்போன் என்பது பேசும் கருவி மட்டுமா? உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் காமிராவும் அதுதான். ஆக, உலகம் படம் பிடிக்கும் கருவியை நம் பெண்கள் தங்கள் கைவிரல்களால் பூட்டி அனுப்புகிறார்கள். கருவியைச் செய்து கொடுக்கும் ஊர், அந்தக் கருவியால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளவும் கற்க வேண்டாமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. காமிரா நம் நாட்டுக்கு வந்தபோது அது பெரும்பாலும் பிறர் கையில்தான் இருந்தது. 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற பட்டாளத்துக் காப்டன் சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோகிராபராக நியமனம் பெற்றார். 1857 இறுதியிலும் 1858-இலும் அவர் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களுக்குப் பெரிய காமிராவுடன் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவருடைய உழைப்பை நாம் மெச்சத்தான் வேண்டும். ஆனால் அப்படங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படும். கோபுரம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, மனிதர்களைத்தான் அதிகம் காணோம்! அக்காலத்துக் காகித நெகடிவில் உருவம் பதிய வெகு நேரம் பிடித்தது. நடமாடுகிறவர்கள் அதில் விழாமலே போனார்கள்.

மனிதர்களை எடுத்தபோதோ விஷயம் வேறு விதமாயிற்று. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பொருளுள்ள பெயரில் எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளியாயின. அவற்றில் நம்மவர்களின் படங்கள் நானூறுக்கு மேல் உள்ளன. பெரும்பாலான படங்களின் கீழே அந்த மனிதரின் பெயர் இராது. இன்ன ஜாதி, இன்ன கூட்டம், அவர்கள் குணம் இத்தகையது என்று ஆளுகிறவர்களுக்குத் தெரிவிக்கும் குறிப்புத்தான் இருக்கும். படத்தில் இருப்பவருக்குப் பெயர் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைக் காமிரா பழகும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் பாடமாகவே அறிந்துகொள்வது நல்லது.

நம்மவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்பவர் 1850-இல் சென்னையில் ஏற்படுத்திய சித்திரப் பள்ளி, இன்றும் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கே 1850-களிலேயே நம் நாட்டு இளைஞர்கள் போட்டோக் கலை பயின்றார்கள். பிற்காலத்தில் கோட்டையூர் ஏ. கே. செட்டியார் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று இக்கலையைக் கற்றார். கற்றதைக் கொண்டு என்ன செய்தார்? காந்தியடிகள் சம்பந்தமான சினிமாச் சுருள்களைத் தேசம் தேசமாகத் தேடிச் சேர்த்தார். 1940-இல் மகாத்மாவின் வாழ்க்கைப் படத்தைத் தமிழர்களுக்குக் காட்டினார். காமிரா நம் கைக்கு வந்தால் நாம் யாரைப் பார்க்க ஆசைப்படுவோம் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

நம் காலத்து உதாரணமும் ஒன்று சொல்வோம். திரு. எம். பழனி குமார் மதுரையில் மீன் விற்று ஜீவனம் செய்த ஒரு தாயாரின் புதல்வர். கடன் வாங்கித்தான் தம்முடைய முதல் காமிராவை வாங்கினார். மலக்குழிகளில் இறங்கி வேலை செய்பவர்களின் துயரத்தைச் சொன்ன 'கக்கூஸ்' என்னும் தமிழ் ஆவணப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவரே. கிராமிய இந்தியாவின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் 'பாரி' என்ற ஸ்தாபனத்தின் போட்டோகிராபராகி, 2022-இல் அதன் தயாநிதா சிங் விருதை முதன்முதலாகப் பெற்றார். தாம் கற்ற வித்தையை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் காமிரா பிடிக்கக் கற்றுக் கொடுத்து வருகிறார். வெளியிலிருந்து வருகிறவருக்கு 'காட்சி'யாகத் தோன்றும் இடம், அங்கே வாழும் பிள்ளைக்கு வீடு, தெரு, பாட்டி உட்காரும் திண்ணை. இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதிலேதான் இருக்கிறது.

சரி, ஒரகடத்துப் பிள்ளை எங்கே ஆரம்பிப்பது? விலை உயர்ந்த காமிரா வேண்டுமே என்று தகப்பனார் பயப்பட வேண்டாம். 1900-ஆம் ஆண்டில் கோடக் கம்பெனி 'பிரவுனி' என்ற அட்டைப்பெட்டிக் காமிராவை ஒரு டாலருக்கு விற்றது. சிறுவர் சிறுமியரை மனத்தில் வைத்தே அதை விளம்பரம் செய்தார்கள். இன்று வீட்டில் கிடக்கும் பழைய செல்போனில் உள்ள காமிரா அதைவிடப் பல மடங்கு உயர்ந்தது. முதல் வருஷத்துக்கு அதுவே தாராளம்.

முதல் பாடத்துக்குச் செல்போன்கூட வேண்டாம். நல்ல வெயில் நேரத்தில் ஓர் அறையின் கதவு ஜன்னல்களை அடைத்து, வெளிச்சம் நுழையாதபடி அட்டையால் மறைத்துவிட வேண்டும். அட்டையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு துவாரம் இருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் எதிர்ச் சுவரைப் பார்த்தால் தெருவும் மரமும் தலைகீழாகத் தெரியும்! ஒளி நேர்கோட்டில் செல்வதால், மேலேயிருந்து வரும் கதிர் துவாரத்தின் வழியாகக் கீழே விழுகிறது. கீழேயிருந்து வருவது மேலே விழுகிறது. காமிரா என்பது இந்த இருட்டறையின் சிறிய வடிவமே அன்றி வேறல்ல.

இரண்டாவது பாடம் ஒளியை அளப்பது. ஏரிப் பாசனம் அறிந்த ஊரில் இதை விளக்குவது சுலபம். ஏரி நீரை வயலுக்கு விடும்போது மதகை எவ்வளவு திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்ற இரண்டும் சேர்ந்துதானே வயலில் நிற்கும் நீரின் அளவைத் தீர்மானிக்கின்றன? காமிராவிலும் அப்படியே. ஒளி நுழையும் வாயிலின் அகலம் ஒன்று. அது திறந்திருக்கும் நேரம் இன்னொன்று. வாயிலின் பரப்பைப் பாதியாகக் குறைத்தால் நேரத்தை இரட்டிக்க வேண்டும். வெகு நேரம் திறந்திருந்தால் ஓடுகிறவன் கலங்கித் தெரிவான். கண நேரமே திறந்தால் துள்ளும் கன்றுக்குட்டியும் ஆகாயத்தில் நின்றுவிடும். செல்போன் இவற்றைத் தானே முடிவு செய்துகொள்கிறது. எனினும் திரையில் ஓரிடத்தை விரலால் தொட்டால் அந்த இடத்தின் வெளிச்சத்தைக் கொண்டு அது கணக்கிடும். முகத்தைத் தொட்டு ஒன்றும், பின்னாலுள்ள ஆகாயத்தைத் தொட்டு ஒன்றும் எடுத்துப் பார்த்தால் போதும். அரை மணி நேரப் பிரசங்கம் மிச்சம்.

மூன்றாவது பாடம் நேரம் அறிதல். உச்சி வெயிலில் முகத்தை எடுத்தால் கண்கள் இரண்டும் குழி விழுந்து கறுத்துவிடும். அதே முகத்தைத் திண்ணை நிழலில், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி உட்கார வைத்தால் ஒவ்வொரு சுருக்கமும் ஒரு கதை சொல்லும். காலையும் மாலையும் சூரியன் தாழ இருக்கும்போது சாலைகூட அழகாகிவிடுகிறது. படம் பெரிதாக வேண்டுமானால் விரலால் திரையை விரிக்காமல் இரண்டடி முன்னே நடப்பதே உத்தமம். விரிக்கும்போது பெரும்பாலும் படத்தின் ஓரங்களை வெட்டி நடுப்பகுதியை ஊதிக் காட்டுவதுதான் நடக்கிறது.

நான்காவது பாடம் சிக்கனம். பழைய பிலிம் சுருளில் 36 படங்களுக்கு மேல் சாதாரணமாக எடுக்க முடியாது. 'பிரவுனி'யின் முதல் சுருளில் ஆறே ஆறுதான். ஆகையால் எடுக்குமுன் யோசித்தார்கள். இன்று ஆயிரம் எடுக்கலாம். அதனால் யோசனைதான் குறைந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு படம் என்று பிள்ளை தனக்குத்தானே விதி செய்துகொள்ளட்டும்.

இனி எதை எடுப்பது? ஒரகடத்துப் பிள்ளைக்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில் ஷிப்டு மாறும்போது வரிசையாக வரும் கம்பெனி பஸ்கள், அவற்றுக்காகக் காத்திருப்பவர்களுக்கு டீ ஆற்றும் கடைக்காரர், சுற்றுச்சுவருக்கு அப்பால் மிஞ்சியிருக்கும் வயலில் நாற்று நடும் மூதாட்டி, ஏரிக்கரைப் பனைமரம். இவற்றுள் ஏதேனும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, மாதந்தோறும் ஒரே தேதியில், ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வரும்படி யோசனை சொல்கிறோம். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு படங்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஏரி என்ன ஆயிற்று, எந்த மரம் போயிற்று, எந்தக் கட்டடம் வந்தது என்பதை எந்த அறிக்கையையும்விடத் தெளிவாக அவை சொல்லும். நாளைக்கு "இங்கே ஏரிக்கால்வாய் இருந்ததா, இல்லையா?" என்று பெரியவர்கள் தர்க்கம் செய்யும்போது, அந்தப் பிள்ளையின் படம் சாட்சிக் கூண்டில் ஏறும்.

மரியாதையும் பாடத்தில் ஒரு பகுதி என்பதை மறக்கலாகாது. கேட்காமல் யார் முகத்தையும் எடுக்கக் கூடாது. "அம்மா, உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்பதற்குப் பத்து விநாடி ஆகும், மாட்டேன் என்றால் வணங்கி விலக வேண்டும். ஊரை விட்டு வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்களைத் தெரியாமல் எடுப்பது கலை அல்ல, அநாகரிகம். ஆலைக்குள் எடுக்க அனுமதி தேவை. கன்டெய்னர் லாரிகள் பறக்கும் சாலையின் நடுவில் நின்று எடுப்பது உயிருக்கே ஆபத்து. எடுத்த பிறகு அவர்கள் சம்மதித்தால் பெயர், ஊர், தேதி மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். அந்நியர் எழுதிய எட்டுத் தொகுதிகளில் இல்லாமல் போன பெயர்கள் நம் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை உண்டு. செல்போன் உடைந்தாலோ தொலைந்தாலோ அதில் உள்ள படங்களும் அதோடு போய்விடும். நம் வீட்டுப் பரணில் தாத்தாவின் கல்யாணப் படம் இன்றும் இருப்பதற்குக் காரணம், அது காகிதத்தில் இருப்பதுதான். மாதம் இரண்டு நல்ல படங்களைத் தேர்ந்து அச்சுப் போட்டு, பின்புறத்தில் விவரம் எழுதி, ஓர் ஆல்பத்தில் ஒட்டி வைக்கும் செலவை வீட்டார் ஏற்றுக்கொள்வார்களாக. அச்சுப் போட்ட பிரதி ஒன்று படத்தில் இருப்பவருக்கும் போய்ச் சேரட்டும். நாற்று நடும் மூதாட்டிக்குத் தன் படம் என்று ஒன்று வாழ்நாளில் அதுவே முதலாவதாக இருக்கலாம்.

தொழிற்சாலைகள் வருவது நன்றா தீதா என்ற விவாதத்தை இங்கே நாம் எடுக்கவில்லை. அது எப்படியாயினும், மாறுகிற ஊருக்கு ஒரு ஞாபகம் தேவை. அந்த ஞாபகத்தை வெளியூரிலிருந்து ஒரு நாள் வந்து போகிறவரிடம் ஒப்படைப்பதைவிட, அந்த மண்ணிலேயே பிறந்து, ஒவ்வொரு வீட்டாரையும் அத்தை, மாமா என்று முறை சொல்லி அழைக்கும் ஒரு பிள்ளையிடம் ஒப்படைப்பது மேல். அதற்கு வேண்டியவை ஒரு பழைய செல்போன், ஒரு நோட்டுப் புத்தகம், நாளொன்றுக்கு அரை மணி நேரம். இவற்றை மறுக்காமல் கொடுக்கும் வீடுகள் ஒரகடத்திலும், ஒரகடத்தைப் போல் மாறிவரும் மற்ற ஊர்களிலும் பெருக வேண்டும் என்பதே நமது கோரிக்கை.