வாவிக்கரையும் வான்கலத் தொழிலும்

வங்கக் கடலின் மேலே, கண்ணுக்குப் புலப்படாத வளைந்த பாதை ஒன்று உண்டு. ஆந்திர தேசத்துச் சிறீஹரிக்கோட்டையிலிருந்து துருவப் பாதை நோக்கி ஏவப்படும் இந்திய ரொக்கற்றுகள் நேர் தெற்கே செல்வதில்லை. முதலிலே தென்கிழக்காகக் கடலின்மேல் ஏகி, இலங்கைத் தீவுக்கு அப்பால் விலகிய பின்னரே தெற்கு நோக்கித் திரும்புகின்றன. அவை அஞ்சி ஒதுங்குவது நமது தீவைத்தான். எரிந்து கழலும் பாகங்கள் குடிகள் வாழும் நிலத்தில் விழலாகாது என்பதே அதற்குக் காரணம். ஆகவே மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நாம், நம்மை அறியாமலே, அயல்நாட்டு விண்வெளித் தொழிலின் கணக்கில் ஓர் எண்ணாக இருந்து வருகின்றோம்.

இவ்வளைவுக்கு விலை உண்டு. திசை திரும்புவதற்குச் செலவாகும் எரிபொருளின் அளவுக்கு, ஏற்றிச் செல்லும் செய்மதியின் நிறையைக் குறைத்தாக வேண்டும். பெரிய ரொக்கற்று இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். சிறிய ரொக்கற்றுக்கோ, சுமக்கக்கூடிய சிறு சுமையிற் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துபோம். இதனாலேயே தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு அண்மையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் அமைப்பதற்கு 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து நேர் தெற்கே நோக்கினால் இருப்பது கடலே. இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகின்றது.

இவ்வாறு சிறிய ரொக்கற்றுகளுக்கெனத் தனித்தளம் தேடுவானேன் என்று நேயர்கள் வினவலாம். விண்வெளி இன்று அரசாங்கத்தின் ஆராய்ச்சிக்கூடமாக மட்டும் இல்லை. வாணிபக் களமாகவும் மாறிவிட்டது. சென்னையில் தோன்றிய அக்னிகுல் என்னும் தனியார் நிறுவனம், 2024 மே 30ஆம் நாள், அச்சுப்பொறி முறையிலே ஒரே துண்டாக வார்க்கப்பட்ட இயந்திரம் பூட்டிய ரொக்கற்று ஒன்றைச் சிறீஹரிக்கோட்டையில் தானே அமைத்த தளத்திலிருந்து ஏவிச் சோதித்தது. 2022இலும் 2023இலும் பிரித்தானியாவின் வண்வெப் நிறுவனத்துக்குரிய 72 செய்மதிகள் இந்திய ரொக்கற்றுகளில் ஏறி விண்ணடைந்தன.

அந்நிய மூலதனத்துக்கும் கதவு திறக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் இந்திய மத்திய மந்திரிசபை அங்கீகரித்த விதிகளின்படி, விண்வெளிக் கருவிகளின் உதிரிப்பாகங்களைச் செய்யும் தொழிலில் வெளிநாட்டார் முழு உரிமையும் கொள்ளலாம். செய்மதிகளைச் செய்து நடத்தும் தொழிலில் நூற்றுக்கு 74 வீதம் வரையும், ரொக்கற்றுகளிலும் ஏவுதளங்களிலும் 49 வீதம் வரையும் அரசின் தனி அனுமதியின்றியே முதலிடலாம். இப்படி ஏறி இறங்கும் எண்களின் உட்பொருளை உணர்தல் வேண்டும். திருகாணி செய்பவன் எந்நாட்டவனாயினும் ஊறில்லை. ரொக்கற்றோ போர்க்கருவிக்கு உடன்பிறப்பு. ஆதலால் அதன் கடிவாளம் நாட்டவர் கையிலேயே இருக்குமாறு வரம்பு வகுக்கப்பட்டிருக்கின்றது.

விமானத் தொழிலிலும் இந்நிலையே. ஸ்பானிய நாட்டு எயர்பஸ் ஆலையிலிருந்து வாங்க இசைந்த 56 சரக்கு விமானங்களுள் 16 மாத்திரம் அங்கிருந்து பறந்துவர, எஞ்சிய 40ஐயும் குஜராத்திலுள்ள வடோதராவில் டாட்டா நிறுவனம் கட்டுவதென 2021இல் ஒப்பந்தமாயிற்று. அந்த ஆலை 2024 ஒக்டோபரில் திறக்கப்பட்டது.

வெளிநாட்டார் தம் பணத்தை அங்கே கொண்டுவந்து கொட்டுவதற்குக் காரணம் மலிவான கூலி மட்டுமன்று. விமானத்தில் ஒவ்வோர் ஆணியும் எங்கே வார்க்கப்பட்டது, யார் கைப்பட்டது, எந்நாளிற் சோதிக்கப்பட்டது என்பதற்கு ஏடு உண்டு. அந்த ஏட்டிலே பொய் இருந்தால் வானத்தில் உயிர்கள் போகும். எனவே ஓர் ஆலை நம்பிக்கைக்குரியதென்று சான்று பெறுவதற்கே பல ஆண்டுகள் செல்லும். அவ்வாறு பெற்ற பின்னர், வாங்குபவன் எளிதில் வேறிடம் நாடான். வருவதற்குத் தாமதிக்கும் மூலதனம் போவதற்கும் தாமதிக்கும்.

அந்நம்பிக்கை ஒருநாளில் விளைந்ததன்று. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் அரசாங்கம் நிலமும் பங்குப்பணமும் தந்து துணைநிற்க, பெங்களூரில் இந்துஸ்தான் விமான நிறுவனத்தைத் தொடங்கினார். விமானம் கட்டுவதே நோக்கம். ஆயினும் உலகயுத்தம் மூண்டிருந்தபடியால், அமெரிக்கப் போர்விமானங்களைப் பழுதுபார்க்கும் பணியே அங்கு முதன்மை பெற்றது. பிறர் செய்த இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய கைகளே பின்னர் சொந்தமாகச் செய்யவும் கற்றன. 1951இல் அந்நிறுவனம் தானே வகுத்த பயிற்சி விமானம் வானில் எழுந்தது. பழுதுபார்த்தல் முந்தியது, படைத்தல் பிந்தியது. இந்த வரிசையை நாம் மறத்தலாகாது.

இனி நமது கரைக்குத் திரும்புவோம். வான்வழிப் போரின் கொடுமையை மட்டக்களப்பு மிக அண்மையிற் கண்டிருக்கின்றது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள், விமானந்தாங்கியாகவே வகுத்துக் கட்டப்பெற்ற ஹேர்மிஸ் என்னும் பிரித்தானியக் கப்பலை யப்பானிய விமானங்கள் இக்கடலிலேதான் அமிழ்த்தின. சமாதான காலத்தில், 1958இல், வாவியை அடுத்துச் சிறு விமானத்தளம் ஒன்று திறக்கப்பட்டது. 1983இல் அது விமானப்படையின் வசமாயிற்று. நெடுங்காலத்தின் பின், 2018இல், உள்நாட்டுக் குடிமக்கள் போக்குவரத்துக்கென மீண்டும் திறக்கப்பட்டது.

ஓடுபாதை இருந்தால் தொழில் தானே வந்துவிடும் என்று எண்ணுவது மயக்கம். ஏறத்தாழ 21 கோடி டொலர் செலவில், பெரும்பாலும் சீனக் கடனைக் கொண்டு, 2013இல் மத்தளையில் திறந்த பெரிய விமான நிலையம் விமானங்களுக்காகக் காத்துக் கிடந்தது. மறுபுறம், 1998இல் எமிரேற்ஸ் நிறுவனம் நமது தேசிய விமானசேவையிற் பங்குகொண்டு, பத்தாண்டுகள் அதனை நடத்தி, 2008இல் நிர்வாகத்தை விட்டு விலகிற்று. கடனாக வந்த பணம் கட்டிடத்தையும் வட்டியையும் விட்டுச் செல்லும். பங்காக வந்த பணம் இலாபத்தையும் நட்டத்தையும் நம்மோடு பகிர்ந்துகொள்ளும். ஆனால் எதுவாயினும், கைத்திறனை நம்மவரிடம் விட்டுச் சென்றதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

மட்டக்களப்பார் ரொக்கற்று ஆலையைக் கனவு காணவேண்டியதில்லை. ஆலையின்றியே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. செய்மதி அனுப்பும் படங்களை வாசித்துப் பயன்கொள்வதே அது. வட அந்தமாகிய ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவியின் நீர்நிறம் மாறுவதையும், முகத்துவாரம் மணலால் அடைபடுவதையும், படுவான்கரை வயல்களில் வெள்ளம் ஏறுவதையும் அப்படங்கள் காட்டும். 1978 நவம்பர்ச் சூறாவளியில் இம்மாவட்டம் இழந்த உயிர்களை நினைப்போர்க்கு, புயலை முன்கூட்டி அறிந்து கூறும் கலையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவரும், நமது தொழில்நுட்பக் கல்லூரிகளிற் பயிலும் இளைஞரும் இக்கலையிலும், விமானப் பழுதுபார்க்கும் வித்தையிலும் தேர்ச்சி பெறுவாராயின், மூலதனம் அவர்களைத் தேடி வருதல் கூடும். வாராதொழியினும், அவர்கள் கற்ற கல்வி வாவியையும் வயலையும் காக்கும்.

இன்று இத்தீவைச் சுற்றி வளைந்து போகின்றது விண்வெளித் தொழில். நிலப்படத்தில் நாம் இருக்கும் இடத்தை மாற்ற இயலாது. அத்தொழிலுக்கு நாம் விலகிச் செல்லவேண்டிய தடையாக மட்டும் இருப்பதா, அன்றி அதன் பயனைக் கொள்ளும் துறையாகவும் ஆவதா என்பதை முடிவுசெய்ய வேண்டியது நமது கல்விக்கூடங்களே.