தண்டனை குறைந்தால் பழைய கைதிக்கும் குறையுமா?

அமெரிக்காவில் ஒரு குற்றத்துக்கான தண்டனை அளவை இன்று குறைக்கிறார்கள் என்று வையுங்கள். அதே குற்றத்துக்காகப் போன வருடமே சிறைக்குப் போனவருக்கும் குறையுமா? தானாகக் குறையாது.

அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கான தண்டனை வழிகாட்டு நெறிகளை வகுப்பது தண்டனை ஆணையம். 1987 முதல் அவை நடைமுறையில் இருக்கின்றன. நெறியை ஆணையம் திருத்தினால் அது இனி வரும் வழக்குகளுக்குத்தான். பழைய வழக்குகளுக்கும் உண்டு என்று ஆணையமே தனியாக முடிவெடுத்து, அதற்கென்று உள்ள பட்டியலில் சேர்த்தால்தான் உள்ளே இருப்பவர் மனுப் போட முடியும்.

மனு போவது, தண்டித்த அதே நீதிமன்றத்துக்கு. வழக்கை முதலிலிருந்து விசாரிக்க மாட்டார்கள். 2010இல் டில்லன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. திருத்தம் தொட்ட கணக்கை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். சிறையில் நடத்தை எப்படி, வெளியே விட்டால் யாருக்கும் ஆபத்து உண்டா என்று பார்த்து நீதிபதி குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

நெறியில் குற்றத்தின் கடுமைக்கு ஏற்ப ஒரு படி உண்டு; படி குறைந்தால் தண்டனையும் குறையும். 2014இல் பெரும்பாலான போதைப்பொருள் குற்றங்களுக்கு ஆணையம் இரண்டு படி குறைத்தது, பழையவர்களுக்கும் சேர்த்தே. 32ஆம் படியில் இருந்த, முன்குற்றம் இல்லாத ஒருவருக்கு நெறி சொன்னது 121 முதல் 151 மாதம். 30ஆம் படியில் அது 97 முதல் 121. ஆக, 121 மாதம் பெற்றவருக்கு 24 மாதம் வரை மிச்சமாகலாம். ஆனால் அவர் குற்றத்துக்குச் சட்டம் குறைந்தபட்சம் பத்து ஆண்டு என்று விதித்திருந்து, விலக்கு ஏதும் அவருக்கு இல்லையென்றால், 120 மாதத்துக்குக் கீழே இறங்க முடியாது. கிடைப்பது ஒரே ஒரு மாதம்! நெறியை ஆணையம் மாற்றலாம். சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ்தான் மாற்ற வேண்டும்.

காங்கிரஸ் மாற்றிய கதை வேதனையானது. 1986 சட்டப்படி 5 கிராம் கிராக் கொக்கெய்ன் விற்றால் குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு. ஒரு தேக்கரண்டி சர்க்கரையின் எடைதான் அது. தூள் கொக்கெய்னுக்கோ அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல் 5 கிராமை 28 ஆக உயர்த்தினார்கள். அதற்கு முன்பே தண்டனை பெற்றவர்களை அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. 2018 டிசம்பரில் வந்த 'முதல் அடி' சட்டம்தான் அவர்களுக்கும் மனுப் போட வழி திறந்தது. தண்டனை அதிகம் என்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகும் எட்டு ஆண்டுகள் அவர்களைக் காக்கவைத்தது அநியாயம்.

ஆணையமும், முன்குற்றப் புள்ளி எதுவும் இல்லாத பலருக்கு 2023இல் இரண்டு படி குறைத்திருக்கிறது. இது பழைய கைதிகளுக்கும் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அங்கே கூட்டாட்சிச் சிறையில் இருந்தால் இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்: திருத்தத்தின் எண் பட்டியலில் இருக்கிறதா, தன் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை உண்டா. மாநில நீதிமன்றம் தண்டித்தவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தா.