பின்னல் யானையும் சுருள் கீரையும்: ஆறு கண்ணிகளின் கணக்கு

தேக்கா ஈரச்சந்தைக்கு அடுத்த முறை போகும்போது, காய்கறிக் கடைகளில் இலைகளின் ஓரத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். வெற்றிலை ஏறத்தாழத் தட்டையாக இருக்கும். முட்டைக்கோஸ் இலை கிண்ணம்போல் உள்பக்கமாக வளைந்திருக்கும். சுருள் சலாட் இலையின் ஓரமோ பாவாடைக் கொசுவம்போல் நெளிந்து நெளிந்து நிற்கும். மூன்றும் இலைகள்தாம். பிறகு ஏன் ஒன்று தட்டையாகவும் ஒன்று குழியாகவும் ஒன்று நெளிவாகவும் இருக்கிறது?

இதற்கு விடை காண நுண்ணோக்கி வேண்டாம். ஒரு நூல்கண்டும் கொக்கி ஊசியும் போதும். குரோஷே பின்னலில் சிறு விலங்குப் பொம்மைகள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியர்கள் இதை 'அமிகுருமி' என்பார்கள். நாம் ஒரு யானையைப் பின்னுவோம். யானையின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு வடிவியல் பாடம்.

காது: தட்டை வட்டம்

பொம்மை பின்னுபவர்கள் முதலில் கற்றுக்கொள்வது ஒரு தட்டை வட்டம். நடுவில் ஒரு வளையம் போட்டு அதில் 6 கண்ணிகள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. மூன்றாம் சுற்றில் 18, நான்காவதில் 24, ஐந்தாவதில் 30. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஆறாகக் கூட்ட வேண்டும். இந்த 'ஆறு' விதி எல்லாப் பின்னல் குறிப்புகளிலும் இருக்கும். காரணத்தை யாரும் எழுதுவதில்லை.

காரணம் உங்கள் கணிதப் புத்தகத்தில் இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவு = 2 × பை × ஆரம். ஒரு சாதாரணக் கண்ணியின் அகலமும் உயரமும் ஏறத்தாழச் சமம். அதை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று பின்னினால் ஆரம் ஓர் அலகு கூடும். அப்போது சுற்றளவு 2 × 3.14 × 1, அதாவது 6.28 அலகு கூட வேண்டும். கண்ணியைப் பாதியாகப் போட முடியாது. எனவே 6. மீதமுள்ள 0.28ஐ நூலின் இழுவை ஈடுகட்டிவிடும்.

ஒரு கேள்வி: கண்ணியின் உயரம் அகலத்தைப்போல் இருமடங்காக இருந்தால், தட்டை வட்டத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கூட்ட வேண்டும்? ஆரம் இப்போது இரண்டு அலகு கூடுகிறது. ஆகவே 12 அல்லது 13. நீளக் கண்ணியில் வட்டம் பின்னுபவர்கள் உண்மையில் 12 என்றுதான் தொடங்குகிறார்கள்.

தலை: பந்து

தலையைப் பின்னும்போது 36 கண்ணி வரை ஆறு ஆறாகக் கூட்டிவிட்டு, அதன் பிறகு கூட்டாமல் 36, 36, 36 என்று பின்னுவார்கள். ஒன்பதாம் சுற்றில் தட்டையாக இருக்க 54 கண்ணிகள் வேண்டும். நம்மிடம் இருப்பது 36. ஓரத்துக்குத் துணி போதவில்லை. அதனால் ஓரம் உள்ளே இழுக்கப்பட்டு, துணி கிண்ணமாகிறது. அதன்பின் ஆறு ஆறாகக் குறைத்துக்கொண்டே போனால் பந்து மூடிக்கொள்ளும்.

நாம் வாழும் பூமியும் இப்படித்தான். வட துருவத்தில் ஊசியை வைத்துப் பின்னத் தொடங்கியதாகக் கற்பனை செய்யுங்கள். சுமார் 10,000 கிலோமீட்டர் பின்னினால் நிலநடுக்கோட்டை, அதாவது சிங்கப்பூருக்குச் சற்றுத் தெற்கே ஓடும் கோட்டை அடைவீர்கள். பூமி தட்டையாக இருந்திருந்தால் அங்கே சுற்றளவு 62,800 கிலோமீட்டர் இருக்க வேண்டும். உண்மையில் இருப்பது 40,000 மட்டுமே. இரண்டுக்கும் உள்ள விகிதம் சுமார் 0.64. நம் பொம்மைத் தலையில் 36ஐ 54ஆல் வகுத்தால் 0.67. அளவு கோடிக்கணக்கான மடங்கு வேறு, கணக்கு ஒன்றே. சுற்றளவு குறைவாக இருக்கும் இத்தகைய பரப்பை 'நேர் வளைவு' கொண்டது என்கிறோம். முட்டைக்கோஸ் இலை இந்த வகை.

கொசுவம்: துணி மிஞ்சிய ஓரம்

யானைக்கு ஒரு பாவாடை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கண்ணியிலும் இரண்டிரண்டு போடுவோம்: 6, 12, 24, 48, 96, 192. ஆறாம் சுற்றில் தட்டை வட்டத்துக்கு 36 போதும். நம்மிடம் 192 இருக்கிறது. ஐந்து மடங்குக்கும் மேல்! இவ்வளவு நீளமான ஓரம் அவ்வளவு சிறிய இடத்தில் அடங்க ஒரே வழிதான் உண்டு: மேலும் கீழும் நெளிவது. கையில் எடுத்துப் பார்த்தால் அது அப்படியே சலாட் இலை.

சுற்றளவு தேவைக்கு மேல் இருக்கும் இத்தகைய பரப்புக்கு 'எதிர் வளைவு' என்று பெயர். அந்த வளைவு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் அதை ஹைப்பர்பாலிக் தளம் என்பார்கள்.

இரண்டாயிரம் ஆண்டுப் புதிர்

இந்தத் தளம் கணித வரலாற்றையே திருப்பிப் போட்டது. கி.மு. 300 வாக்கில் கிரேக்க அறிஞர் யூக்ளிட் வடிவியலுக்கு ஐந்து அடிப்படை எடுகோள்களை வகுத்தார். ஐந்தாவதை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: ஒரு நேர்கோடும் அதற்கு வெளியே ஒரு புள்ளியும் இருந்தால், அந்தப் புள்ளி வழியே முதல் கோட்டைத் தொடாத ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும். மற்ற நான்கிலிருந்து இதை நிறுவிவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் பலரும் முயன்று தோற்றார்கள். ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி 1829இலும் ஹங்கேரியின் போயாய் 1832இலும், இந்த எடுகோள் பொருந்தாத, ஆனால் முரண்பாடு இல்லாத வேறு ஒரு வடிவியல் உண்டு என்று வெளியிட்டார்கள். அங்கே ஒரு புள்ளி வழியே எண்ணற்ற இணைகோடுகள் போகும். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறைவாக வரும்.

தாளில் எழுதலாம், ஆனால் கையில் பிடித்துப் பார்ப்பது எப்படி? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாள் வளையங்களை ஒட்டி ஒரு மாதிரி வைத்திருந்தார்கள். தொட்டால் கிழியும். 1997இல் அதைப் பார்த்த லாத்வியா நாட்டுக் கணித ஆசிரியை டாய்னா டைமினா, இதை நூலில் செய்தால் என்ன என்று யோசித்தார். முதலில் இரட்டை ஊசிப் பின்னலில் முயன்றார். கண்ணிகள் பெருகிப் பெருகி ஊசியில் அடங்கவில்லை. குரோஷேயில் எத்தனை கண்ணி இருந்தாலும் ஒரே நேரத்தில் ஊசியில் ஒன்றிரண்டுதான் நிற்கும். அதனால் அது கைகூடியது. 'குறிப்பிட்ட எண்ணிக்கையில் கண்ணி போட்டதும் ஒன்று கூட்டு' என்ற ஒரே விதியில் முழுத் தளமும் வந்துவிட்டது.

அந்தத் துணியை மடித்தால் மடிப்பு ஒரு நேர்கோடு. அதன் மேல் வேறு நிற நூலால் தையல் போடலாம். வெளியே ஒரு புள்ளியைக் குறித்து, அதன் வழியே இரண்டு மூன்று முறை மடித்துத் தைத்தால், எதுவும் முதல் கோட்டைத் தொடாமல் விலகிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். டைமினா எழுதிய நூல் 2012இல் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்றின் ஆய்லர் நூல் பரிசைப் பெற்றது. வீட்டில் பாட்டி மேசைத் துணிக்குக் கொசுவ ஓரம் பின்னியிருந்தால், அவர் விரல்களுக்கு இந்த வடிவியல் எப்போதோ பழக்கமாகியிருக்கும்.

இலைக்கு யார் பின்னினார்கள்?

இனி சந்தைக்குத் திரும்புவோம். இலையில் கண்ணிகளின் இடத்தில் செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்து பெருகுவதே இலையின் 'பின்னல்'. நடுப்பகுதியும் ஓரமும் சரியான விகிதத்தில் வளர்ந்தால் இலை தட்டை. ஓரம் குறைவாக வளர்ந்தால் கிண்ணம். ஓரம் மிகுதியாக வளர்ந்தால் கொசுவம்.

அப்படியானால் நெளிவுகளை ஒவ்வொன்றாக யாரும் வரைய வேண்டியதில்லை. ஓரம் நீண்டால் போதும், நெளிவு தானாக வரும். இதை 2002இல் எரான் ஷாரோன், ஹேரி ஸ்வின்னி முதலிய இயற்பியலாளர்கள் 'நேச்சர்' இதழில் எளிதாகக் காட்டினார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கிழித்தால், கிழிந்த ஓரம் நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. உடனே அது பெரிய அலை, அதன்மேல் சிறிய அலை, அதன்மேல் இன்னும் சிறிய அலை என்று நெளிகிறது. பிளாஸ்டிக்குக்கு மரபணு கிடையாது. ஆனாலும் கீரைபோல் சுருள்கிறது!

மரபணுவுக்கு என்ன வேலை? இதற்கு விடை தந்த ஆய்வின் முதல் ஆசிரியர் உத்பல் நாத், பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானவர். அவரும் இங்கிலாந்தின் என்ரிகோ கோயன் முதலியோரும் 2003இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஸ்னாப்டிராகன் என்ற பூச்செடியில் இளம் இலையின் செல்கள் நுனியில் தொடங்கி அடி நோக்கி ஒவ்வொன்றாகப் பிரிவதை நிறுத்துகின்றன. 'நிறுத்து' என்ற அந்த ஆணையை ஓரத்துச் செல்களும் சரியாகக் கேட்கும்படி ஒரு மரபணு பார்த்துக்கொள்கிறது. அது பழுதான செடிகளில் ஓரம் கூடுதலாக வளர்ந்து, இலை நெளிந்துவிடுகிறது.

இதிலுள்ள வியப்பைக் கவனித்தீர்களா? சுருள் இலைதான் சிக்கலானது என்று நினைக்கிறோம். உண்மையில் கடினமானது வெற்றிலையின் வேலை. தட்டையாக இருக்க, இலை தன் ஒவ்வொரு பகுதியின் வளர்ச்சியையும் இடைவிடாமல் கட்டுப்படுத்த வேண்டும். புதிதாகப் பின்னக் கற்பவர்களுக்கும் இது தெரியும். முதல் வட்டம் கிண்ணமாகும், இல்லையேல் நெளியும். தட்டையாக வரச் சில நாள் ஆகும்.

இதே வடிவம் கடலிலும் உண்டு. நெளிந்த பரப்பு, குறைந்த இடத்தில் அதிகத் தொடுபரப்பைத் தரும். சில பவளங்கள் மடிப்பு மடிப்பாக வளர்வதைச் சிங்கப்பூரின் தென் தீவுகளைச் சுற்றியும் பார்க்கலாம். நம் கடலில் 250க்கும் மேற்பட்ட கடினப் பவள வகைகள் பதிவாகியுள்ளன. டைமினாவின் பின்னலைப் பார்த்து, மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005 முதல் பல நாட்டு மக்களைச் சேர்த்து நூலில் பவளப்பாறைகளையே பின்னி வருகிறார்கள்.

வசந்தம் இல்லாத ஊரில் ஒரு தொட்டி

சலாட் கீரை குளிர்ந்த காலநிலையை விரும்பும் செடி. நான்கு பருவங்கள் உள்ள நாடுகளில் பனி விலகியதும் வசந்தத்தில் விதைப்பார்கள். கோடை வெப்பமும் நீண்ட பகலும் வந்தால் அது தண்டு நீட்டிப் பூத்து, இலை கசந்துவிடும். சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு பத்து நிமிடம்கூட இல்லை. பகல் நீளம் நமக்குச் சிக்கல் இல்லை. வெப்பம்தான் சிக்கல். ஆகவே காலை வெயில் மட்டும் படும் இடத்தில் தொட்டியை வையுங்கள். பல வகைச் சலாட் விதைகள் முளைக்க ஒளி உதவுகிறது. எனவே விதையின் மேல் மண்ணை மிக மெல்லிதாகத் தூவுங்கள்.

வீவக வீட்டில் பொது நடைவழியில் வைத்தால் 1.2 மீட்டர் பாதை விட வேண்டும். தொட்டித் தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கிக் கொசுவுக்கு அதுவே போதும். வீட்டில் இடமில்லையா? தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் பல பேட்டைகளில் சமூகத் தோட்டங்கள் உள்ளன. உங்கள் புளோக்கின் அருகே இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

செய்து பாருங்கள்

1. மெல்லிய, பயன்படுத்திய பிளாஸ்டிக் பை ஒன்றை மெதுவாக, இழுத்தபடி கிழியுங்கள். ஓரத்தில் எத்தனை அளவு அலைகள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். முடிந்ததும் பையைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

2. ஒரு வெற்றிலை, ஒரு சுருள் சலாட் இலை இரண்டையும் எடுங்கள். ஈரமான பருத்தி நூலை இலையின் ஓரத்து நெளிவுகள் எல்லாவற்றிலும் ஒட்டி வைத்து நீளத்தை அளவிடுங்கள். பிறகு இலையைத் தாளில் வைத்து வெளிக்கோடு வரைந்து அதையும் அளவிடுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். வெற்றிலைக்கு ஏறத்தாழ 1 வரும். சலாட்டுக்கு?

3. உங்கள் தொட்டியில் ஓர் இளம் சலாட் இலையின் நடு நரம்பின் அருகிலும் ஓரத்திலும் மெல்லிய மார்க்கர் பேனாவால் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் வையுங்கள். அடையாளத்துக்கு அந்த இலைக்காம்பில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இடைவெளிகளை அளந்து வரைபடம் போடுங்கள். ஓரத்துப் புள்ளிகள் விரைவாக விலகுகின்றனவா? அருகிலேயே தண்டங்கீரை ஒன்றை வளர்த்து ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரியாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். அதுவும் முடிவுதான்.

4. பின்னத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் மூன்று வட்டங்கள் பின்னச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்: சுற்றுக்கு 3 கூட்டி ஒன்று, 6 கூட்டி ஒன்று, 12 கூட்டி ஒன்று. ஒவ்வொன்றும் என்ன வடிவம் எடுக்கும் என்று பின்னுவதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். எட்டாம் சுற்றில் சரிபாருங்கள்.